சூடம் சுற்றி முடிக்கிற நேரம்

அண்ணா,

புளியும் சாம்பலும் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் இந்தச் சூடத் தட்டின் அடிப்பக்கம் மட்டும் வெளுக்க மாட்டேன் என்கிறது. மேல்பக்கம் பித்தளை பொன் மாதிரி இருக்கிறது. திருப்பினால் கருப்பு. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் சூடத்தின் வாசனைக்கு அடியில் டீசல் நெடி. உங்கள் வண்டியின் முன்மூடி மேல் தினமும் வைத்து வைத்து ஏறிய கறை. சூடத் தட்டில் டீசல் நாறுகிற வீடு இந்தத் தெருவில் நம்முடையது ஒன்றுதான். கேட்டிருந்தால், "சாமிக்கே மைலேஜ் பாக்கறவ நீ" என்று ஏதாவது சொல்லியிருப்பீர்கள்.

இன்று காலை அதைத் துலக்கும்போதுதான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் ஐந்தாவதோடு நின்றவள். மளிகைக் கடைப் பொட்டலக் காகிதத்தையும் பஸ் போர்டையும் வாசித்து வாசித்து மிச்சத்தைக் கற்றுக்கொண்டேன். எழுதிய பழக்கம் எல்லாம் வீட்டு வரவு செலவு எழுதியதுதான். அதனால் இதுவும் ஒன்றுக்கடுத்து ஒன்றாக, விடாமல்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணி காலமான பிறகு ஒரு டிரங்குப் பெட்டியும் இந்த டீசல் வேனுமாக நீங்கள் எங்கள் வீட்டுப் பக்கவாட்டு அறைக்கு வந்தீர்கள். இண்டூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் சாமந்தி மூட்டை ஏற்றி தருமபுரி பூ மார்க்கெட்டில் இறக்குவதுதான் பிழைப்பு. நான் அப்போது எப்படி இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளை இல்லை என்று டாக்டர் முடிவாகச் சொல்லியிருந்த சமயம். என் வீட்டுக்காரர், உங்கள் மாப்பிள்ளை, விடியுமுன் தோட்டத்துக்குப் போய்விடுவார். நான் சாமி அறைக்குள் போனால் சோறு வடிக்கிற நேரத்துக்குத்தான் வெளியே வருவேன். வாசல் தெளிக்கக்கூட பக்கத்து வீட்டு மருமகள்தான். யாராவது பார்த்து ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று பயம்.

சாமி இல்லை என்று வாதம் பண்ணுகிற ஆள் இல்லை நீங்கள். ஆனால் கோயிலுக்கு வந்தால் உள்ளே வராமல் வண்டிக்குப் பக்கத்திலேயே நிற்பீர்கள். "இருந்தா நல்லது புள்ள. இல்லன்னாலும் வண்டி ஓடணும் இல்ல" என்பீர்கள். அப்படிப்பட்டவர் ஒருநாள் விடியற்காலையில் சாமி அறை வாசலில் வந்து நின்று, "உள்ளயே உக்காந்து மணி ஆட்டிக்கிட்டிருக்கியே, வெளிய வந்து எனக்கும் ஒண்ணு காட்டேன்" என்றீர்கள்.

"உங்களுக்கா? சாமியே இல்லைம்பீங்க."

"எனக்கில்ல புள்ள. வண்டிக்கு. அதுக்கு பக்தி ஜாஸ்தி."

அன்றைக்கு ஆரம்பித்தது. நீங்கள் சீட்டில் ஏறி உட்கார்ந்து சாவியை ஒரு கட்டம் மட்டும் திருப்புவீர்கள். உள்ளே எங்கேயோ 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதுதான் எனக்கு மணி. சூடத்தை ஏற்றிக்கொண்டு இறங்குவேன். வலது முன் சக்கரத்தில் தொடங்கி நாலு சக்கரத்துக்கும் காட்டி, பின்கதவுக்குக் காட்டி, சுற்றி முன்னால் வந்து தட்டை வண்டி மேல் வைத்து, கண்ணாடியில் விபூதி இழுப்பேன். அவ்வளவு நேரமும் நீங்கள் ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருப்பீர்கள். வாய் ஓயாத நீங்கள் ஒரு நாளில் பேசாமல் இருந்தது அந்த நேரம் ஒன்றுதான். அப்புறம் கேட்பீர்கள்:

"ஆச்சா?"

"ஆச்சுங்கண்ணா."

சாவி முழுசாகத் திரும்பும். வண்டி குளிருக்கு நடுங்குகிற மாடு மாதிரி உடம்பை ஒரு உதறு உதறி, கொஞ்சம் வெள்ளைப் புகை விட்டு, பிடித்துக்கொள்ளும்.

என் சூடத்துக்குத்தான் வண்டி கிளம்புகிறது என்று நான் நம்பினேன் அண்ணா. சும்மா இல்லை, உறுதியாக நம்பினேன். ஒரு தைப்பூசத்துக்கு நான் பழனிக்கு நடந்து போனபோது வழியில் உங்கள் போன். "எங்க புள்ள இருக்கற? உன் சாமி இல்லாம வண்டி எடுக்க மாட்டேங்குது. சீக்கிரம் வந்து தொலை." பக்கத்தில் நடந்த பெண்கள் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டே போனேன்: எங்கண்ணன் மனசு திரும்பிவிட்டது, சாமி இல்லாமல் வண்டி எடுக்காதாம். மலை ஏறும்போது அதற்கென்று தனியாக ஒரு நன்றி சொன்னேன். திரும்பி வந்து கணக்கு நோட்டில் சூடப் பாக்கெட்டை 'பூஜைச் செலவு' என்று எழுதப் போனேன். நீங்கள் எட்டிப் பார்த்து, "அது வண்டிச் செலவு. டீசலுக்கு அடியில எழுது" என்றீர்கள். அதுவும் பக்தி என்றே எடுத்துக்கொண்டேன். அப்புறம் எப்போதும் சூடம் டீசலுக்கு அடியில்தான்.

ஐப்பசியில் போய்விட்டீர்கள். மார்க்கெட்டிலிருந்து வந்து, வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்தி, "நெஞ்ச என்னமோ பண்ணுது, கொஞ்சம் சுடுதண்ணி குடு" என்று கேட்டீர்கள். சுடுதண்ணி கொண்டுவருவதற்குள் பேச்சு நின்றுவிட்டது. அதைப் பற்றி எழுதக் கை வரவில்லை. தாண்டிப் போகிறேன்.

வண்டி நிறுத்திய இடத்திலேயே நின்றது. மேலே புளியஞ்சருகு விழுந்துகொண்டே இருந்தது. நான் பெருக்கிவிடுவேன். மறுபடி விழும். சூடம் மட்டும் காட்டவில்லை. சீட்டில் ஆள் இல்லாமல் யாருக்குக் காட்டுவது? மார்கழிக் குளிரில் ஒருநாள் உங்கள் மாப்பிள்ளை பேட்டரியைச் சார்ஜ் போட்டு எடுத்துவந்து மாட்டி, ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். செல்ஃப் நன்றாகத்தான் சுற்றியது. இன்ஜின் பிடிக்கவில்லை. மறுநாளும் இல்லை. தெருப் பையன்களைக் கூப்பிட்டுத் தள்ளிப் பார்த்தார். தெருமுனை வரை போய் மூச்சில்லாமல் நின்றது. திருப்பித் தள்ளி மரத்தடிக்கே கொண்டுவந்தார்கள்.

"வண்டி உங்கண்ணனத் தேடுதுக்கா. வேற ஆளு கைக்கு எடுக்காது" என்றாள் பக்கத்து வீட்டு மருமகள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், அந்த நினைப்பில் எனக்கு ஒரு ஆறுதல்கூட இருந்தது. அழுவதற்குத் துணை ஒன்று வாசலில் நிற்கிறது என்று.

உங்கள் மாப்பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. அவரைத் தப்பாக நினைக்காதீர்கள். "அதப் பாத்துப் பாத்துதான் நீ இப்பிடி உருகற. மச்சானோட வண்டிதான், எனக்கும் மனசு இருக்குது. ஓடுச்சுன்னா நானே நம்ம பூவ ஏத்தி ஓட்டறேன். ஓடலன்னா, செத்ததக் கட்டிக்கிட்டு வாசல்ல உக்காந்திருக்க முடியாது. பழைய வண்டி வாங்கறவன வரச் சொல்லிர்றேன்." சொன்னது நியாயம்தான். ஓடினால் வண்டி நம் வீட்டில் இருக்கும். ஓடாவிட்டால் உடைத்து இரும்புக்குப் போகும். உங்கள் கை பட்டது என்று எனக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். உங்கள் துணிமணியைக்கூடப் பதினாறாம் நாளே எடுத்துக் கொடுத்துவிட்டோமே.

மெயின் ரோட்டு ஓரத்தில் கடை வைத்திருக்கிற மெக்கானிக் வந்தார். டீசல் ஃபில்டரைக் கழற்றினார், அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. கொட்டினார். நின்ற வண்டியின் டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கும் என்று, கைப் பம்பை அழுத்தி அழுத்தி நுரை நிற்கிறவரை காற்றை வெளியேற்றினார். அதுவரை சுற்றும்போது புகையே வராமல் இருந்தது. இப்போது பின்னால் வெள்ளையாகப் புகை வந்தது. ஆனாலும் பிடிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே, "டீசல் பம்பு போயிருக்குதுங்க. எறக்கணும். இந்த வண்டி வெலைக்கு அது கட்டாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. நீங்கள் ஒருமுறை யாருடைய டிராக்டரையோ பார்த்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னது ஞாபகம் வந்தது. "பொக பேசும் புள்ள. பொகையே வரலன்னா டீசல் வரல. வெள்ளையா வந்தா டீசல் வந்துருச்சு, எரியலன்னு அர்த்தம்." அன்றைக்கு ரசம் ஊற்றிக்கொண்டே காதில் வாங்கியது.

"ஏனுங்க, பொக வெள்ளையா வருதுங்களே. அப்ப டீசல் வருது. பம்பு நல்லாத்தான் இருக்கணும்."

"நீ எப்ப மெக்கானிக் ஆன?"

"எங்கண்ணன் சொல்லுவாங்க."

"உங்கண்ணன் இன்னும் என்னென்ன சொன்னாருன்னு கேட்டு நீயே எடுத்து ஓட்டு. வெள்ளிக்கிழம ஆளு வரான்."

"வெள்ளிக்கிழம வூட்ட வுட்டு எதையும் வெளிய அனுப்பக் கூடாதுங்க."

"அப்ப சனிக்கிழம."

"சனிக்கிழம யாருங்க இரும்பு வாங்குவாங்க? வர்றவனே வாங்க மாட்டான்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஞாயித்துக்கிழம. அதுக்கு என்ன சாஸ்திரம் வச்சிருக்க?" ஞாயிற்றுக்கிழமைக்கு என்னிடம் ஒன்றும் இல்லை அண்ணா. உள்ளே போனேன். ஆனால் அந்த இடைவெளிக்குள், தருமபுரியில் உங்கள் வண்டியை எப்போதும் பார்க்கிற மெக்கானிக் பாய்க்குப் போன் பண்ணிவிட்டேன். மகளுக்குப் பிரசவம் என்று பெங்களூரில் இருந்தார். நீங்கள் போனதுகூட அவருக்குத் தாமதமாகத்தான் தெரிந்ததாம்.  அப்புறம், "சனிக்கிழம ராத்திரி ஊருக்கு வந்துருவேம்மா. வெடிஞ்சதும் அங்க இருப்பேன்" என்றார்.

சொன்ன மாதிரி வெளிச்சம் வருவதற்குள் மொபெட்டில் வந்துவிட்டார். காதைச் சுற்றி மப்ளர். வண்டியைப் பார்த்ததும் கிட்டே போய்க் கதவில் கை வைத்துச் சற்று நின்றார். பிறகுதான் முன்மூடியைத் தூக்கினார். ஒரு சின்ன பல்பில் ஒயர் கட்டி இன்ஜின் பக்கம் ஒவ்வொரு இடமாகத் தொட்டார். இரண்டு இடத்தில் பல்பு எரிந்தது, இரண்டு இடத்தில் எரியவில்லை.

"நாலு சிலிண்டருக்கு நாலு ஹீட்டரு. உள்ள சூடு ஏத்தி விட்டாத்தான் குளிர்ல டீசல் எரியும். ரெண்டு செத்துப்போச்சு. இது புதுசு இல்லீங்க, ரொம்ப நாளாவே இப்பிடித்தான்" என்றார்.

"அப்ப மச்சான் தெனம் எப்பிடி எடுத்தாரு?" என்றார் உங்கள் மாப்பிள்ளை.

"அதான் நானும் கேட்டேன். மாத்திக் குடுக்கறேண்ணே, பெரிய வேல இல்லைன்னேன். 'வேணாம் பாய், எங்கூட்ல ஹீட்டர் இருக்குது'ன்னாரு. ஏதோ கிண்டல் பண்றாருன்னு வுட்டுட்டேன்." என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, காலைல அண்ணன் எப்பிடி வண்டி எடுப்பாரு? நீங்க பாத்திருப்பீங்க இல்ல?"

சொன்னேன். சாவி, 'டக்', சூடம், நாலு சக்கரம், பின்கதவு, விபூதி, ஆச்சா, ஆச்சுங்கண்ணா. சொல்லச் சொல்ல பாயின் முகம் மாறிக்கொண்டே வந்தது. கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"சுத்தி வர எவ்ளோ நேரமாவும்?"

"நேரம் பாத்ததில்லீங்க பாய். ஒரு சூடக்கட்டி கரையற நேரம்."

"அந்த 'டக்'குன்னு கேட்டதுதாம்மா ஹீட்டர் ஆன் ஆவற சத்தம். நாலும் நல்லா இருந்தா கொஞ்ச நேரம் போதும். ரெண்டு மட்டும் வேல செஞ்சா, நல்லா சூடேற வுட்டு அப்புறந்தான் செல்ஃப் அடிக்கணும். ரெண்டு சிலிண்டர் புடிச்சா மத்த ரெண்டையும் இழுத்துக்கும். சூடேறிருச்சுன்னு காட்டற லைட்டும் எரியல, பல்பு போயிருக்குது. அண்ணன் உங்க சூடத்த வச்சிக் காலத்த ஓட்டியிருக்காரு." உங்கள் மாப்பிள்ளையைப் பார்த்தார். "நீங்க சாவி போட்ட உடனே செல்ஃப் அடிச்சிருப்பீங்க."

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

நான் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பழனி வழியில் எத்தனை பேரிடம் சொன்னேன், மலையில் எவ்வளவு உருகி நன்றி சொன்னேன். நீங்கள் சாமியிடம் வரவே இல்லை. அத்தனை விடியற்காலையும் நேராகப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்ஜின் சூடாவதற்காக. நீங்கள் போனபோது ஒரு முறை இழந்தேன் என்றால், அந்த நிமிஷம் இன்னொரு முறை இழந்த மாதிரி இருந்தது.

"சூடம் ஏத்துங்கம்மா" என்றார் பாய். "சாமான் வாங்க கடை நாளைக்குத்தான் தொறப்பான். இன்னிக்கு அண்ணன் மாதிரியே எடுப்போம்."

தட்டை எடுத்துச் சூடத்தை ஏற்றினேன். உங்கள் மாப்பிள்ளை சீட்டில் ஏறினார். 'டக்' கேட்டது. வலது முன் சக்கரத்தில் தொடங்கினேன். புளியஞ்சருகு காலடியில் நொறுங்கியது. பின்கதவுக்கு வந்தபோது உள்ளிருந்து காய்ந்த சாமந்தி வாசனை வந்தது, கடைசி மூட்டையில் உதிர்ந்தது. அங்கே கொஞ்சம் நின்றுவிட்டேன். முன்னால் வந்து தட்டை வைத்து விபூதி இழுத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார், எப்போது திருப்புவது என்று தெரியாமல். 'ஆச்சா' என்று கேட்க வேண்டும் என்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

கேட்காமலே சொன்னேன். "ஆச்சுங்க."

செல்ஃப் சுற்றியது. வெள்ளைப் புகை வந்தது. வண்டி ஒரு பக்கமாக விந்தி விந்தி, தட்டு கடகடவென்று ஆட, அதே பழைய உதறல் ஒன்று உதறிப் பிடித்துக்கொண்டது. தெருவில் இரண்டு வீட்டுக் கதவு திறந்தது. அந்தச் சத்தம் கேட்டால் நீங்கள் வந்துவிட்டீர்கள் என்றுதானே அர்த்தம், இத்தனை வருடமாக. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

வெளியே அவர் பேசுவது கேட்டது. "வர்றவன வேணாம்னு சொல்லிர்றேன் பாய். நாலு ஹீட்டரையும் மாத்திருங்க. இது எதுக்கு தெனம் ரோதன?"

 அதற்குப் பாய் சொன்னது இது, அண்ணா. வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். "ரெண்டாந்தடவ நான் சொன்னப்ப அண்ணன் ஒரு வார்த்த சொன்னாருங்க. இப்பத்தான் வெளங்குது. 'மாத்திட்டா சாவி போட்டதும் கெளம்பிரும் பாய். அப்புறம் எந்தங்கச்சி எதுக்கு வெளிய வருவா?'ன்னாரு."

உங்கள் கையில் வாட்ச் இருந்தது. இருந்ததுதானே? தோல் பட்டை வைத்த வாட்ச். நேரம் பார்க்க என் சூடம் எதற்கு உங்களுக்கு?

அன்றிலிருந்து கேட்க நினைப்பது இரண்டு இருக்கிறது. நான் பழனிக்குப் போன அந்தக் காலையில் வண்டி நிஜமாகவே எடுக்கவில்லையா, இல்லை சும்மா சொன்னீர்களா? அப்புறம், ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தபோது நீங்கள் என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள்? சாமி அறையில் உட்கார்ந்து இதை முருகனிடம் கேட்டுப் பார்த்தேன். அவர் உங்களை மாதிரிதான், கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லுவதில்லை.

பாய் நாலு ஹீட்டரையும் மாற்றிவிட்டார், பல்பையும்தான். இப்போது சாவியைத் திருப்பினால் டாஷ்போர்டில் சுருள் மாதிரி ஒரு சின்ன வெளிச்சம் வந்து அணைகிறது. அணைந்ததும் செல்ஃப் அடித்தால் உதறல் இல்லை, புகை இல்லை, பூனை மாதிரி கிளம்புகிறது. என் சூடத்துக்கு அந்த வண்டியில் ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் விடிந்தால் தட்டோடு இறங்குகிறேன். வாசலும் நானேதான் தெளிக்கிறேன். உங்கள் மாப்பிள்ளை வாயைத் திறந்து எதுவும் சொன்னதில்லை. லைட் அணைந்த பிறகும் நான் சுற்றி வருகிறவரை வெறுமனே உட்கார்ந்திருக்கிறார். நான் தலையாட்டினால்தான் எடுப்பார். அவருக்கு அது போதும். நானும் வேறு எதையும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. 'ஆச்சா' என்ற அந்த ஒரு வார்த்தை உங்களுடையதாகவே இருக்கட்டும்.

நேற்று தூறல். பூ நனைந்தால் மார்க்கெட்டில் கேட்க ஆள் இருக்காது. அவர் அவசரத்தில் சாவியைப் போட்டதும் கிளம்பிவிட்டார். நான் சூடத்தை ஏற்றிக்கொண்டு படி இறங்கும்போது வண்டி தெருமுனை திரும்பிக்கொண்டிருந்தது. ஏற்றிய சூடத்தை என்ன செய்வது? புளியமரத்தடியில் வண்டி நிற்கிற இடத்தில் ஆயில் சொட்டிக் கருத்த தரை இருக்கிறதல்லவா, அதன் மேல் மட்டும் தூறல் படாமல் காய்ந்து கிடந்தது. சக்கரம் இருக்க வேண்டிய நாலு இடத்திலும் காட்டினேன். பின்கதவு இருக்க வேண்டிய இடத்திலும் காட்டினேன். முன்னால் வந்தேன். தட்டை வைக்க இடமில்லை. சூடம் அணைகிறவரை கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஆச்சுங்கண்ணா" என்றேன்.